தாமிரபரணிக் கரை ஊர்களைச் சுத்திப் பாக்க ஒரு வழி: கால்வாயைப் புடிச்சுப் போங்க

திருநெல்வேலி பக்கம் ட்ரிப்னா முக்கால்வாசி பேரோட பிளான் ஒண்ணுதான். குற்றாலத்துல ஒரு குளியல், நெல்லையப்பர், சாயங்காலம் அல்வா, அடுத்த நாள் திருச்செந்தூர், கதை முடிஞ்சுது. இன்னொரு கூட்டம் வேன் புடிச்சு வந்து ஒரே நாள்ல நவதிருப்பதிப் பெருமாள் கோயில் ஒன்பதையும் முடிச்சிட்டு, மறுநாள் நவகைலாயச் சிவன் கோயில் ஒன்பதையும் முடிச்சிட்டு, எந்த ஊர்ல எந்தக் கோயில் பாத்தோம்னே குழம்பிப் போய் வீட்டுக்குத் திரும்பும். தப்புன்னு சொல்ல வரலை, வேண்டுதல் இருந்தா அப்படித்தான் போகணும். ஆனா ஊரைப் பாக்கணும்னு வர்றவங்களுக்கு இந்த ரெண்டு பிளானும் ஆகாது. ஏன்னா பாபநாசத்துல மலையை விட்டு இறங்குற ஆறு புன்னக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் நடுவுல கிடக்கற வயக்காடும், வயக்காட்டு ஓரத்துல ஆயிரம் வருஷமா உக்காந்திருக்கற சின்னச் சின்ன ஊர்களும்தான் இங்க விஷயமே. அதை எல்லாரும் வேன் ஜன்னல் வழியா தாண்டிப் போயிடறாங்க.

நான் சொல்ற வழி இதுதான். கோயில் லிஸ்ட்டை ஓரமா வச்சிட்டு ஆத்தோட தண்ணி எந்த வழியா போகுதுன்னு பாருங்க. தாமிரபரணியில மொத்தம் 8 அணைக்கட்டு. மேல இருந்து வரிசையா கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது, ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870கள்ல அவங்க கட்டினது. இந்த எட்டுலருந்தும் 11 கால்வாய் பிரியுது, கால்வாய் குளத்தை நிரப்புது, குளத்து மடையில இருந்து வயலுக்குப் போகுது, வயலை ஒட்டி ஊர், ஊருக்குள்ள கோயில். இந்த வரிசை மனசுல இருந்தா போதும், எந்த ஊர் ஏன் அந்த இடத்துல இருக்கு, இவ்வளவு பெரிய கோயிலைக் கட்ட நெல்லு எங்கருந்து வந்துச்சுன்னு தானா புரியும்.

எப்போ வரணும்

இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஸ்கூல் லீவுன்னு ஏப்ரல் மே மாசத்துல வந்தா கால்வாய்ல தண்ணி நின்னிருக்கும், வயல் காஞ்சு கட்டாந்தரையா கிடக்கும், மத்தியானம் வெளிய தலை காட்ட முடியாது. நல்லாருக்கும்னு ஃபோட்டோ பாத்து வந்தேன் ஒண்ணுமில்லையேன்னு புலம்புறவங்க எல்லாம் இந்த மாசத்துல வந்தவங்கதான்.

இங்க நெல்லு ரெண்டு போகம். ஜூன்ல பாபநாசம் அணை திறந்தா கார் போகம், அக்டோபர் நவம்பர்ல ஆரம்பிக்கறது பிசானம். கார் போகத்துக்கு எல்லா வருஷமும் எல்லா கால்வாய்க்கும் தண்ணி கிடைக்காது, அணையில எவ்வளவு இருக்குங்கறதைப் பொறுத்தது, பெரும்பாலும் மேல்பக்கம் அம்பாசமுத்திரம் சுத்துவட்டாரம்தான் பச்சையா இருக்கும், கீழ்ப்பக்கம் ஸ்ரீவைகுண்டத்துக்காரங்க வானத்தைப் பாத்துட்டு இருப்பாங்க. ஆனா ஆகஸ்ட்ல வந்தா ஒரு லாபம், மேற்க சாரல் அடிக்கும், காத்து குளுகுளுன்னு இருக்கும், மலை முழுக்க மேகம்.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும்னா பொங்கலை ஒட்டி ஜனவரில வாங்க. பிசானம் நெல்லு பச்சையில இருந்து மஞ்சளுக்குத் திரும்புற நேரம், குளம் எல்லாம் நிறைஞ்சிருக்கும், குளத்துல வெளியூர்ப் பறவைங்க வந்து இறங்கியிருக்கும் (நீர்ப்பறவைக் கணக்கெடுப்பே ஜனவரிலதான் நடத்துறாங்க), வெயிலும் தாங்கற அளவுதான். பிப்ரவரி கடைசி மார்ச்னா அறுப்பு. அதுவும் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா காரை நீங்களே ஓட்டிட்டு வந்தா கவனம், பாதி ரோட்டுல நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க, அதுக்கு மேல ஏத்திட்டுப் போனா ஏச்சு வாங்கறது நிச்சயம், அறுவடை மெஷின் எதிர்ல வந்தா நீங்கதான் ரிவர்ஸ் எடுக்கணும்.

நவம்பர் டிசம்பர் மட்டும் வானிலை பாக்காம கிளம்பாதீங்க. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே மாட்டிக்கிச்சு, சுத்தியும் வெள்ளம், உள்ள நூத்துக்கணக்குல ஜனம். அந்த மாதிரி மழை எப்பவும் வராதுதான், ஆனா ஆரஞ்சு அலர்ட் ரெட் அலர்ட்னு சொன்னா ட்ரிப்பைத் தள்ளிப் போடறதுக்கு யோசிக்கவே வேண்டாம்.

எப்படி சுத்தறது

கார் இல்லாம சுத்த முடியுமான்னா நல்லாவே முடியும், சொல்லப்போனா கார் இல்லாததுதான் நல்லது. திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து ரெண்டு லைன் பிரியுது. மேற்க போறது செங்கோட்டை லைன், சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு நமக்கு வேண்டிய ஊரெல்லாம் வரிசையா வரும். கிழக்க போறது திருச்செந்தூர் லைன், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, அப்புறம் நாசரேத், குரும்பூர். ரெண்டு லைனும் ஆத்தை ஒட்டியே போறதால பாசஞ்சர் ரயில்ல ஜன்னல் சீட் கிடைச்சா அதுவே பாதி ட்ரிப். ஆனா பாசஞ்சர் ஒரு நாளைக்கு சிலதுதான், டைமை முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க, விட்டா அடுத்தது பல மணி நேரம் கழிச்சு. அந்த மாதிரி நேரத்துல பஸ் இருக்கு, திருநெல்வேலிக்கும் அம்பைக்கும் (அம்பாசமுத்திரம்தான்) நடுவுல அடிக்கடி ஓடும், சுமார் 35 கிலோமீட்டர், பொம்பளைங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல 2021ல இருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. மெயின் ரோட்டுல இருந்து உள்ள இருக்கற கிராமத்துக்கு மட்டும் ஆட்டோ, ஏறும்போதே காத்திருக்கற நேரத்தையும் சேத்துப் பேசிடுங்க.

தங்கறதுக்கு மேல்பக்கம் பாக்கற நாள்ல அம்பாசமுத்திரத்துலயே லாட்ஜ் எடுங்க, பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, சுத்தமான ரூம் கிடைக்கும் அவ்வளவுதான். கீழ்ப்பக்கத்துக்கு ஸ்ரீவைகுண்டத்துல ரூம் கம்மி, அதனால திருநெல்வேலியிலயோ திருச்செந்தூர்லயோ தங்கிட்டு ரயில்ல போய்ட்டு வர்றது வசதி. மேல ரெண்டு நாள் கீழ ரெண்டு நாள்னு நாலு நாள் ஒதுக்குங்க, அதுக்குக் குறைச்சா மறுபடியும் வேன் ட்ரிப் மாதிரிதான் ஆகும்.

இன்னொரு விஷயம், கோயில் எல்லாம் மத்தியானம் 12 மணி வாக்குல நடை சாத்தினா சாயங்காலம் நாலரை அஞ்சுக்குத்தான் திறக்கும். சின்ன ஊர்க் கோயில்ல ஒரே பட்டர் ரெண்டு மூணு கோயிலைப் பாத்துக்குவார், அவர் வந்தாத்தான் கதவே திறக்கும். அதனால காலைல 7ல இருந்து 11க்குள்ள கோயில், மத்தியானம் சாப்பாடும் நிழலும், சாயங்காலம் கால்வாய்க்கரை வயக்காடுன்னு பிரிச்சுக்கிட்டா அலைச்சல் இல்ல.

மேல்பக்கம்: அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவி

பாபநாசத்துல ஆரம்பிங்க. பாபநாசநாதர் கோயில் வாசல்லயே ஆறு, படித்துறையில மீன் கூட்டம் கூட்டமா காலைச் சுத்தும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், பரிகாரம்னு சொல்லி உடுத்தின துணியை ஆத்துல விட்டுட்டுப் போகாதீங்க. அந்தத் துணி எங்கயும் போறதில்ல, பாறையில சுத்திக்கிட்டு, மண்ணுல புதைஞ்சு, அடுத்து குளிக்கறவன் காலைப் புடிக்கும், தன்னார்வலர்கள் வருஷா வருஷம் மூட்டை மூட்டையா எடுக்கறாங்க, மறுபடி அதே அளவு சேருது. மேல அகஸ்தியர் அருவியில வருஷம் பூரா தண்ணி விழும், குளிக்கலாம். அதுக்கும் மேல இருக்கற கல்யாண தீர்த்தத்துல மட்டும் இறங்கக் கூடாது. விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1925 ஜூன்ல மகளைக் காப்பாத்தப் போய் இறந்தது அந்த இடத்துலதான். பாக்க அமைதியாத்தான் இருக்கும், ஆழமும் இழுப்பும் வெளிய தெரியாது. காரையார், சொரிமுத்து ஐயனார் கோயில் போகணும்னா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள போறீங்க, செக்போஸ்ட்ல பையைப் பாத்து பிளாஸ்டிக்கை வாங்கிடுவாங்க, இருட்டுறதுக்குள்ள வெளிய வந்துடணும். ஆடி அமாவாசை சமயத்துல மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீங்க, குடும்பம் குடும்பமா குடில் போட்டுத் தங்கியிருப்பாங்க, திருவிழா பாக்கத்தான் வர்றேன்னா அது வேற.

அம்பாசமுத்திரத்துக்கு நெல்லுலயே பேர் உண்டு. கடையில "அம்பை 16" அரிசின்னு கேட்டிருப்பீங்க, ஏ.எஸ்.டி. 16ன்னும் சொல்வாங்க, குண்டு ரகம், இட்லிக்கு நல்லாருக்கும்னு தேடி வாங்குவாங்க, அது இங்க இருக்கற நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம்தான். ஊர்ல மரச் சொப்பு சாமான் செய்யறவங்க இருக்காங்க, பிளாஸ்டிக் பொம்மைக்கு நடுவுல சின்ன திருகை, அம்மி, குடம்னு கடைசல் புடிச்சு கலர் ஏத்தினது தொங்கும், குழந்தைங்க இருந்தா வாங்கிடுங்க.

அம்பையில ஆட்டோ பேசி பிரம்மதேசமும் மன்னார்கோயிலும் ஒரே காலைல முடிக்கலாம். பிரம்மதேசம் கைலாசநாதர் கோயிலோட ஏழு நிலை கோபுரம் வயலுக்கு நடுவுல தூரத்துலருந்தே தெரியும், உள்ள போனா பெரிய நந்தி, ஆள் நடமாட்டம் கிடையாது. இவ்வளவு பெரிய கோயில் இவ்வளவு சின்ன ஊருக்கான்னு தோணும், அந்தக் காலத்துல இது பெரிய சதுர்வேதிமங்கலம் (பிராமணங்களுக்குத் தானமா விட்ட ஊர்), சுத்தி இருக்கற நிலமெல்லாம் இந்த ஊர்க் கணக்கு. மன்னார்கோயில் ராஜகோபாலசாமி கோயில் ராஜேந்திர சோழன் காலத்துல ஒரு சேர ராஜா கட்டினது, பேரே ராஜேந்திர சோழ விண்ணகரம்னுதான் கல்வெட்டுல இருக்கு. விமானத்துக்குள்ளயே மாடிப்படி ஏறிப் போய் கீழ நின்ன கோலம், நடுவுல இருந்த கோலம், மேல கிடந்த கோலம்னு மூணையும் சேவிக்கலாம். மேல திறந்திருக்கான்னு பட்டர்கிட்ட கேட்டுக்கோங்க, நீங்களா ஏறாதீங்க.

ஆத்துப் பாலத்தைத் தாண்டினா கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்காம இந்த ஊரைத் தாண்டினா வீட்டுல கேப்பாங்க. அக்ரஹாரத் தெருக்கள் நீளமா, திண்ணை வச்ச வீடுங்க, நிறைய வீடு பூட்டிக் கிடக்கும், கொஞ்சம் வீட்டுல மட்டும் அப்பள மாவு இடிக்கற சத்தம். திண்ணையில உக்காந்து செல்ஃபி எடுக்கறது, ஜன்னல் வழியா உள்ள எட்டிப் பாக்கறது இதெல்லாம் வேண்டாம், அது அவங்க வீடு. இங்க குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982ல திருட்டுப் போய், கடல் தாண்டி ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு மியூசியத்துல இருந்து கண்டுபிடிச்சு 2019ல திரும்பி வந்தார். கோயிலுக்குப் போனா அந்தக் கதையைச் சொல்ல ஆள் தயாரா இருப்பாங்க, பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

இப்போ கால்வாய். கல்லிடை பக்கத்துலருந்து கிளம்பற கன்னடியன் கால்வாய்தான் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பட்டமடைன்னு போகுது. இதை வெட்டினவன் யாருன்னு ஒரு கதை. தீராத நோய் வந்த ஒரு ராஜா, நோயை எள்ளுப் பொம்மையில இறக்கி உள்ள பொன்னை வச்சு தானம் குடுக்கறேன்னான், வாங்க ஒருத்தனும் துணியலை, கன்னட தேசத்துலருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி வாங்கினான், அந்தக் காசை என்ன பண்றதுன்னு யோசிச்சு கால்வாய் வெட்டினான், ஒரு பசுமாடு போன வழியெல்லாம் கால்வாய், அது படுத்த இடமெல்லாம் குளம்னு சொல்வாங்க. கதைதான், ஆனா மாடு நல்ல இஞ்சினியர், சரிவு பாத்துத்தான் நடந்திருக்கு. சேரன்மகாதேவியில இந்தக் கால்வாய்க்கரையில மிளகு பிள்ளையார்னு ஒருத்தர் உண்டு. மழை இல்லாத வருஷம் மிளகை அரைச்சு அவர் மேல பூசி அபிஷேகம் பண்ணி அந்தத் தண்ணி கால்வாய்ல கலக்கணும், எரிச்சல் தாங்காம பிள்ளையார் மழையைக் கொண்டு வருவார்னு நம்பிக்கை. சாமிக்கே காரம் போட்டு வேலை வாங்கற ஊர்க்காரங்க, பாத்துக்கோங்க.

கால்வாய்க்கரையில சாயங்காலம் நடங்க. மெயின் ரோட்டுலருந்து கொஞ்சம் உள்ள போனாலே மண்கரை வந்துடும், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல் நாலடி கீழ இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல சின்ன மடை. மடைக்கு முன்னாடி ஒருத்தர் மம்பட்டியோட நின்னா நின்னு பாருங்க, நாலு கொத்து மண்ணை இந்தப் பக்கம் இழுத்து வைப்பார், தண்ணி அப்படியே திரும்பி அடுத்த வயலுக்குள்ள போகும், வரப்போரம் நிக்கற கொக்கு ரெண்டு எட்டு தள்ளி நிக்கும். பேச்சுக் குடுக்கணும்னா "அண்ணாச்சி, இது என்ன ரகம்?"னு கேட்டாப் போதும், அப்புறம் நீங்க பேச வேண்டியதே இல்ல, அவரே உரம் விலை, கொள்முதல் நிலையம், மயில் வந்து கொத்திட்டுப் போறது, பன்னி தொல்லைன்னு எல்லாம் சொல்லிடுவார். வரப்புல நடக்கலாம், ஆனா புதுசா மண்ணு அணைச்ச வரப்பு மேல கால் வச்சா உடைஞ்சு தண்ணி வெளிய போயிடும், கேட்டுட்டு நடங்க. நடவு நடற பொம்பளைங்களை சொல்லாம கொள்ளாம ஃபோட்டோ எடுக்கற பழக்கத்தையும் விட்டுடுங்க, "எடுத்துக்கட்டுமா அக்கா"ன்னு கேட்டா பாதி பேர் சிரிச்சுக்கிட்டே சரிம்பாங்க, வேண்டாம்னா விட்டுடுங்க.

சேரன்மகாதேவி தெருவுல நடக்கும்போது ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, வ.வே.சு. ஐயரோட குருகுலம் இங்கதான் இருந்துச்சு, பிராமணப் பசங்களுக்குத் தனிப் பந்தி போட்ட சண்டை 1925ல தமிழ்நாடு அரசியலையே புரட்டிப் போட்டுச்சு. வயக்காடும் கோயிலும் அழகுதான், அந்த நிலம் யார்கிட்ட இருந்துச்சு, அதுல யார் இறங்கி வேலை பாத்தாங்கங்கறதையும் சேத்துப் பாத்தாத்தான் இந்த ஊர்ங்க முழுசாத் தெரியும்.

வீரவநல்லூர்ல இறங்கி ஆட்டோ புடிச்சா திருப்புடைமருதூர். என்னைக் கேட்டா மேல்பக்கத்துல ஒரே ஒரு ஊர்தான் பாக்க நேரம்னா இது. கடனாநதி வந்து தாமிரபரணியில சேர்ற இடம், ஆத்தைப் பாத்த மாதிரி நாறும்பூநாதர் கோயில், மருத மரம் ஒவ்வொண்ணும் நாலு பேர் சேந்து கட்டிப்புடிக்கற சைஸ், மரம் முழுக்க நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன். ஊர்க்காரங்களே பறவைகளைக் காப்பாத்தி வச்சிருந்தாங்க, 2005ல அரசாங்கம் இதை காப்பகமா அறிவிச்சுது. ஆனா பெரிய ஆச்சரியம் கோபுரத்துக்குள்ள. அஞ்சு நிலையிலயும் சுவர் பூரா ஓவியம், தூணும் விட்டமும் மரச் சிற்பம். போர்க்காட்சி இருக்கு, புராணம் இருக்கு, குதிரைகளை ஏத்திட்டு வர்ற கப்பல் ஒண்ணு இருக்கு பாருங்க, கடல் மீனெல்லாம் சுத்தி வரைஞ்சு. கோபுரம் பூட்டித்தான் இருக்கும், கோயில் ஆபீஸ்ல முறைப்படி கேட்டு, அவங்க திறந்து விட்டா மட்டும் போங்க, சில நேரம் முடியாதுன்னு சொல்லிடுவாங்க, வாக்குவாதம் பண்ணி பிரயோஜனம் இல்ல. உள்ள இருட்டு, படி செங்குத்து, சுவரைத் தொடவே கூடாது, ஃபிளாஷ் கூடாது.

பட்டமடை பாய் வாங்கறது எப்படி

இதுக்குத் தனியா சொல்லணும், ஏன்னா ஏமாறுறது சுலபம். பட்டமடைல பாய் நெய்யறது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்க, வீட்டுக்குள்ளயே தறி, தரையோட தரையா கிடக்கும். ஆத்தோரம் வளர்ற கோரையை அறுத்துக் காய வச்சு, ஓடற தண்ணியில நாள்கணக்குல ஊற வச்சு, அப்புறம் ஒவ்வொரு புல்லையும் கத்தியால மெல்லிசா கிழிக்கணும். அந்தக் கிழிக்கற வேலையிலதான் பாயோட தரமே இருக்கு. சாதாரணப் பாய்னா கனமான கோரை, முரட்டு நூல், சீக்கிரம் முடிஞ்சிடும். பட்டுப்பாய்னு சொல்றது வேற, தலைமுடி மாதிரி கிழிச்ச கோரையை பருத்தி நூலுலயோ பட்டு நூலுலயோ நெருக்கமா கோத்து நெய்வாங்க, கல்யாணப் பாய்னா பொண்ணு மாப்பிள்ளை பேரையும் நெசவுலயே கொண்டு வந்துடுவாங்க, வாரக்கணக்குல ஆகும்.

பாக்க வேண்டியது ரெண்டு. கையில எடுத்து துணி மாதிரி மடியுதான்னு பாருங்க, நல்ல பட்டுப்பாய் விறைப்பா நிக்காது. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு இடைவெளி பாருங்க, நெசவு நெருக்கமா ஒரே சீரா இருக்கணும். நைலான் பாயை பட்டமடைன்னு விக்கறதும் உண்டு, அது தொட்டாலே வழவழன்னு இருக்கும், கோரைக்குன்னு இருக்கற அந்த வாசம் வராது. விலை அதிகமா தெரிஞ்சா பேரம் பேசறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தறி பக்கத்துல உக்காந்து பாருங்க, விரல் அளவு ஏறறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரிஞ்சா பேரம் தானா அடங்கிடும். முன்னாடியே சொல்லி வச்சா பேர் போட்டு நெய்ஞ்சு அனுப்பறவங்களும் இருக்காங்க. கொண்டு போகும்போது மடிக்காம சுருட்டி எடுத்துட்டுப் போங்க.

சாப்பாடு

பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, இந்தப் பக்கத்து நல்ல சாப்பாடு ஹோட்டல்ல கம்மி, வீட்டுலதான். தேங்காப்பால் சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், இதெல்லாம் போர்டுல எழுதியிருந்தா யோசிக்காம உள்ள போயிடுங்க. சொதி கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுல போடற அயிட்டம், சில மெஸ்ல வாரத்துல ஒரு நாள் மட்டும் போடுவாங்க, கேட்டு வச்சுக்கோங்க. அல்வா சூடா இலையில வாங்கி நின்னுக்கிட்டே சாப்பிடணும், பாக்கெட்டுல ஊருக்குக் கொண்டு போறது வேற கதை.

கீழ்ப்பக்கம்: மண்ணுக்குள்ள இருக்கற ஊரும் மேல இருக்கற ஊரும்

திருநெல்வேலிக்குக் கிழக்க நிலமே மாறும். நெல்லோட வாழை சேந்துக்கும், அப்புறம் வெத்தலைக் கொடிக்கால், குரும்பூர் தாண்டினா பனையும் தேரிங்கற செம்மணல் மேடும். ஒரு மணி நேர ரயில் பயணத்துல இவ்வளவும் பாத்துடலாம்.

திருச்செந்தூர் ரோட்டுல முதல்ல கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் நாயக்கர் காலத்துச் சிற்பம், ஒரே கல்லுல நரம்பு, நகம், நகைன்னு செதுக்கியிருக்காங்க, அரை மணி நேரத்துல பாத்துடலாம்னு போனா ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கருந்து பஸ்ல ஆதிச்சநல்லூர், செத்தவங்களைத் தாழியில வச்சுப் புதைச்ச பழங்கால இடுகாடு. 1876ல ஜெர்மன்காரர் யாகோர் தோண்டி நிறைய பொருளை பெர்லினுக்கு எடுத்துட்டுப் போனார், அப்புறம் 1899ல இருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார், தாழி தாழியா எலும்பு, இரும்பு, வெண்கலம், தங்க நெத்திப்பட்டம் எல்லாம் கிடைச்சுது. தோண்டின குழியிலயே தாழிங்களை அப்படியே விட்டு மேல கண்ணாடி போட்டு 2023ல மியூசியமா ஆக்கிட்டாங்க, நம்ம காலுக்குக் கீழ தாழி. மேடு மொத்தம் 114 ஏக்கர், நிழலே கிடையாது, தொப்பி தண்ணி இல்லாம நடக்காதீங்க, கீழ கிடக்கற ஓட்டுச் சில்லை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கறது குத்தம். இதே வட்டாரத்துல சிவகளையில தாழிக்குள்ள கிடைச்ச நெல் உமியை டேட் பண்ணிப் பாத்தப்ப 3,200 வருஷம்னு வந்துச்சு. பிசானத்துல நீங்க பாக்கற பயிருக்கு இந்த மண்ணுல அவ்வளவு வயசு.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேல பாலத்துல நின்னு பாருங்க. வடகால், தென்கால்னு ரெண்டு கால்வாய் ரெண்டு பக்கமும் பிரியும், இதோட ஆத்தோட வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது. ஊருக்குள்ள கள்ளபிரான் கோயிலும் இருக்கு கைலாசநாதர் கோயிலும் இருக்கு, ஒண்ணு நவதிருப்பதி, ஒண்ணு நவகைலாயம், தென்திருப்பேரையும் அப்படித்தான். ரெண்டு கணக்குலயும் கொஞ்சம் பாத்த மாதிரி இருக்கணும்னா இந்த ரெண்டு ஊர் போதும்.

ஆழ்வார்திருநகரிக்கு அரை நாள் குடுங்க. ஆதிநாதர் கோயிலுக்குள்ள நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளிங்கற புளியமரம், அடி பெருத்து பொந்து விழுந்து இன்னும் தளிர் விடுது. கல்லுல செஞ்ச நாதஸ்வரம் ஒண்ணு கோயில்ல இருக்கு, கேட்டுப் பாருங்க. ஏடு தேடி அலைஞ்ச காலத்துல உ.வே.சாமிநாதையர் இந்த ஊர்க் கவிராயர் வீடுகளுக்கு வந்திருக்கார், அந்த மாதிரித் தெரு இப்பவும் அகலமா அமைதியாத்தான் இருக்கு. வைகாசியில ஒன்பது கருட சேவை, ஒன்பது ஊர் பெருமாளும் ஒண்ணா இங்க வருவாங்க, வெயிலையும் கூட்டத்தையும் தாங்குவேன்னா அதுக்கு மட்டும் மே மாசத்துல வரலாம், நான் சொன்ன விதிக்கு அது ஒண்ணுதான் விலக்கு.

இதுக்கு மேலயும் ஒரு நாள் இருந்தா ஏரல் வழியா கொற்கை போங்க. பாண்டியன் துறைமுகம், முத்து வியாபாரம்னு படிச்ச கொற்கை இப்போ கடல்லருந்து சில கிலோமீட்டர் உள்ள, வாழைத் தோட்டத்துக்கு நடுவுல. ஆறு கொண்டாந்த வண்டல் கடலைத் தள்ளிக்கிட்டே போயிடுச்சு. ஒரு பழைய வன்னி மரம், குளக்கரையில கோயில், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியறது, பெருசா எதிர்பாத்துப் போனா ஏமாத்தம்தான், ஆனா மேலருந்து இதுவரைக்கும் ஆத்தோடயே வந்தவங்களுக்கு துறைமுகம் எப்படி வயலாச்சுன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

ஏரல்ல இருந்து தூத்துக்குடிக்கு பஸ் இருக்கு, ரயிலும் அங்கருந்தே புடிச்சுக்கலாம், ஃபிளைட்னா வாகைக்குளம் ஏர்போர்ட். கிளம்பறதுக்கு முன்னாடி உடன்குடி கருப்பட்டி வாங்கறதா இருந்தா உடைச்சுப் பாத்து வாங்குங்க, உள்ள ஒரே கலரா, கரகரன்னு இருக்கணும், சீனி கலந்தது நாக்குல வச்சா சட்டுனு கரைஞ்சு வெறும் இனிப்பா போயிடும். பையில வைக்கும்போது கருப்பட்டி கீழ, கல்லிடை அப்பளம் மேல, மாத்தி வச்சிடாதீங்க.